அல்புமின் பக்லிடக்செல்: சின்னம்மாவுக்கு ஏற்றிய மருந்து பற்றி

சின்னம்மாவின் மார்பகப் புற்றுநோய் மற்ற உறுப்புகளுக்கும் பரவிய பிறகு, மூன்று கிழமைக்கு ஒருமுறை களுவாஞ்சிக்குடியிலிருந்து மட்டக்களப்புக்கு அவரைக் கூட்டிப்போய் வந்தது நான்தான். அங்கே அவருக்கு ஏற்றிய அல்புமின் பக்லிடக்செல் என்ற புற்றுநோய் மருந்தைப் பற்றி இனி ஏற்றப்போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

முதலில் ஏற்றியது சாதாரண பக்லிடக்செல். அது தண்ணீரில் கரையாது என்பதால் ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு கரைப்பானில் கலந்து வரும், அந்தக் கரைப்பானே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஒவ்வாமை வராமலிருக்க முன்கூட்டியே ஸ்டீராய்டு போட்டும் சின்னம்மாவுக்கு முகம் சிவந்து மூச்சு இழுத்தது, உடனே நிறுத்தினார்கள். பார்த்துக்கொண்டு நின்ற எனக்குக் கைகால் ஓடவில்லை.

அப்புறம்தான் டொக்டர் அல்புமின் பக்லிடக்செலுக்கு மாற்றினார். மருந்து அதேதான், ஆனால் அந்தக் கரைப்பான் இல்லை. மனித இரத்தத்தில் உள்ள அல்புமின் புரதத்தோடு மருந்தைச் சேர்த்துச் சராசரியாக 130 நனோமீற்றர் அளவுத் துகள்களாக்கியிருக்கிறார்கள், தலைமயிரின் தடிப்பில் சில நூறில் ஒரு பங்குதான். அமெரிக்காவில் 2005இல் அனுமதி கிடைத்தது. மூன்று மணித்தியாலம் ஏற்றியது இப்போது அரை மணித்தியாலத்தில் முடிகிறது, சின்னம்மாவுக்கு ஸ்டீராய்டும் தேவைப்படவில்லை. குப்பியில் தூளாக வரும் மருந்தில் 20 மில்லிலீற்றர் சேலைனைக் குப்பியின் சுவரோடு மெதுவாக விட்டு, குலுக்காமல் ஊறவிட்டுத்தான் கலக்குகிறார்கள், குலுக்கினால் நுரைத்துவிடுமாம். கலந்ததும் வெள்ளையாக இருக்கும். "என்ன மனே, பாலையா ஏத்துறாங்க?" என்று கேட்டார் சின்னம்மா. அன்றைக்கு மூச்சு இழுக்கவே இல்லை.

குறை இல்லாமலில்லை. தலைமயிர் இதிலும் கொட்டத்தான் செய்யும். விரல் விறைப்பு பழையதை விடக் கூட, அனுமதிக்கு முன் நடந்த ஆய்வில் கடுமையான விறைப்பு இதில் 10 சதவீதம் பேருக்கு, பழையதில் 2 சதவீதம் பேருக்கு. சின்னம்மா பன் பாய் இழைக்கிறவர், நாலாவது தடவைக்குப் பிறகு பன் விரலில் நிற்கவில்லை என்று அழுதார். சொன்னதும் டொக்டர் ஒரு தடவை தள்ளிப்போட்டு அளவையும் குறைத்தார், விறைப்பு மெல்லமெல்லக் குறைந்தது. அதனால் விரல் மதமதத்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள்.

விலை பழையதை விடப் பல மடங்கு. ஒரு குப்பியில் 100 மில்லிகிராம், சின்னம்மாவின் உடம்புக்கு ஒரு தடவைக்கு நாலு குப்பி போனது. வெளியில் வாங்கப் போன இடத்தில் ஒரு மருந்துக்கடைக்காரர் "ரெண்டும் ஒண்டுதான், இதைக் கொண்டுபோங்க" என்று மலிவான சாதாரணத்தை நீட்டினார். ஒன்றில்லை! வழக்கமான அளவே வேறு, உடம்பின் மேற்பரப்பில் ஒரு சதுர மீற்றருக்கு இது 260 மில்லிகிராம், அது 175. ஒன்றுக்குப் பதில் மற்றதை ஏற்றக்கூடாது. காசு கொடுக்கும் முன் பெட்டியில் அல்புமின் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள், சந்தேகமென்றால் பெட்டியைப் படமெடுத்து வாட்டில் காட்டிவிட்டு வாங்குங்கள்.