டெல்லி பல்கலையின் பொருளாதாரம் ஹானர்ஸ்: நிதித்துறைக்குப் போகிறவர்களுக்கு எப்படி?

பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் எடுக்காதவர்களுக்கு இந்தப் படிப்பில் இடமில்லை. பல்கலைச் சேர்க்கைக்கான பொது நுழைவுத் தேர்வான க்யூட்டிலும் (CUET) கணிதத்தாள் எழுதியாக வேண்டும். முதல் செமஸ்டரிலேயே நுண்பொருளியலோடு கணித முறைகளும் புள்ளியியலும் சேர்ந்தே வரும். வரையறையை ஒப்பித்து மதிப்பெண் வாங்கிப் பழகியவர்கள் தடுமாறுவது இங்கேதான். தேவைக் கோட்டை வரைந்து காட்டினால் போதாது. வருமான வரம்புக்குள் பயன்பாட்டை, அதாவது நுகர்வோருக்குக் கிடைக்கும் திருப்தியை, உச்சமாக்கி, வகையிட்டு, அந்தக் கோட்டையே வருவிக்க வேண்டும். பிறகு எக்கனாமெட்ரிக்ஸ், அதாவது பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியலால் அலசும் பாடம். நிதித்துறையில் ரிஸ்க்கை அளவிடும் வேலைகளுக்கும் ஆய்வு வேலைகளுக்கும் அதுதான் அஸ்திவாரம். இந்த ஒன்றுக்காகவே தாராளமாகச் சேரலாம்.

பெரிய குறை, கணக்குப்பதிவியல் கிட்டத்தட்ட இல்லை. முதலீட்டு வங்கி நேர்காணலில், தேய்மானம் 10 ரூபாய் கூடினால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். வரி 25% என்றால் நிகர லாபம் 7.50 குறையும், வரி மிச்சமாவதால் ரொக்கம் 2.50 கூடும், சொத்தின் மதிப்பு 10 இறங்கும். இதை வகுப்பில் எதிர்பார்க்காதீர்கள். இரண்டாம் ஆண்டு விடுமுறையிலேயே ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுத்து, லாப நட்டக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு, ரொக்க ஓட்டம் ஆகிய மூன்று அறிக்கைகளையும் எக்செல்லில் இணைத்துப் பழகுங்கள்.

பாடத்திட்டம் எல்லாக் கல்லூரிக்கும் ஒன்றுதான். ஸ்ரீராம் வணிகக் கல்லூரி, ஸ்டீபன்ஸ், இந்து கல்லூரி போன்றவற்றுக்குள் முக்கிய வித்தியாசம், வளாகத்திலேயே வேலைக்கு ஆள் எடுக்க எந்த நிறுவனங்கள் வருகின்றன என்பதே. சேர்க்கைக்குத் தரும் கல்லூரி விருப்பப் பட்டியலை உண்மையான ஆசைப்படி அடுக்குங்கள். ஓரிடம் ஒதுக்கப்பட்டால் அதற்குக் கீழே உள்ளவை போய்விடும். பயந்துபோய் சுமாரான கல்லூரியை மேலே வைப்பதுதான் பலர் செய்யும் தவறு.