நிரந்தர லைசென்ஸ் வாங்கிய ஆல்பம் மென்பொருள்: நீண்டகால அனுபவம்

கல்யாண ஆல்பம் டிசைன் செய்வதற்காக 2011-ல் ஒரு மென்பொருளை நிரந்தர லைசென்ஸோடு வாங்கினேன். ஒரு தடவை பணம் கட்டினால் போதும், ஆயுசுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் பேச்சு. டப்பா, சிடி, பில், சீரியல் நம்பர் எல்லாம் இன்னும் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. மென்பொருளைத்தான் திறக்க முடியவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வேலை என்று பார்த்தால் அதைக் குறை சொல்லவே முடியாது. 4 ஜிபி ராம் உள்ள கம்ப்யூட்டரில் 12x36 அங்குல கரிஷ்மா ஆல்பம் ஷீட்டை 300 டிபிஐ-யில் திறந்து வைத்து, படம், எழுத்து, டிசைன் என்று தனித்தனி அடுக்குகளாக, லேயர் மேல் லேயராகப் போட்டாலும் திணறாது. பாமினி எழுத்தில் மணமக்கள் பெயர் அடித்தால் அச்சில் அப்படியே வரும். முகூர்த்த சீசனில் ராத்திரி முழுக்க ஓடியிருக்கிறது. புது வசதி எதுவும் எனக்குத் தேவைப்படவே இல்லை.

அப்புறம் ஹார்ட் டிஸ்க் போனது. எஸ்எஸ்டி மாற்றி, சிடியைப் போட்டு இன்ஸ்டால் செய்தேன். சீரியல் நம்பரையும் ஏற்றுக்கொண்டது. அடுத்த திரையில் 'ஆக்டிவேஷன் சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை' என்று நின்றுவிட்டது. ஆக்டிவேஷன் என்றால், நாம் காசு கொடுத்து வாங்கியதுதானா என்று இணையம் வழியாக நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் (சர்வரில்) கேட்டு உறுதிசெய்வது. போன் வழியாக ஆக்டிவேட் செய்ய டப்பாவில் ஒரு நம்பர் இருந்தது. அது உபயோகத்திலேயே இல்லை. மெயில் போட்டதற்கு மரியாதையாகப் பதில் வந்தது: அந்த வெர்ஷனுக்கான சர்வரை நிறுத்திவிட்டோம், மாதச் சந்தாவில் புதியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய வெர்ஷனுக்குச் சப்போர்ட் நிறுத்துவது எனக்குப் புரிகிறது. புது விண்டோஸில் ஓடவில்லை என்றால்கூட நான் கேட்கப்போவதில்லை. ஆனால் அதே விண்டோஸ், அதே கம்ப்யூட்டர், அதே சிடி. ஓடக்கூடிய பொருளை ஓடவிடாமல் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் என் கோபம். முன்பெல்லாம் கம்ப்யூட்டரின் பின்னால் செருகும் ஹார்டுவேர் லாக் கொடுப்பார்கள். அது தொல்லைதான், ஆனாலும் சாவி நம் கையில் இருந்தது.

இதைவிடப் பெரிய இழப்பு ஃபைல்கள். பழைய ஆல்பங்களெல்லாம் அந்த மென்பொருளின் சொந்த ஃபார்மேட்டில் கிடக்கின்றன. வேறு எதிலும் திறக்காது. கல்யாண ஆல்பத்தில் இருக்கிற தாத்தா படத்தை மட்டும் தனியாக எடுத்துப் பெரிதாக்கித் தாருங்கள் என்று, அவர் இறந்த பிறகு வந்து கேட்கிறார்கள். பிரிண்ட் போடும் லேபுக்கு அனுப்பிய ஜேபெக் படம் இருக்கிறது. அதில் படத்தின் மேல் பூ டிசைனும் எழுத்தும் ஒட்டிக்கொண்டிருக்கும், பிரித்தெடுக்க வழியில்லை.

சர்வரை நிறுத்தும் நிறுவனத்துக்கு வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஃபோட்டோஷாப் நிறுவனமான அடோபி தன் பழைய சிஎஸ்2 மென்பொருள் வரிசைக்கான ஆக்டிவேஷன் சர்வரை நிறுத்தியபோது, ஆக்டிவேஷன் தேவைப்படாத காப்பியையும் அதற்கான சீரியல் நம்பரையும் 2013-ல் இணையத்தில் வைத்தது. காசு கொடுத்து வாங்கியவர்கள் தொடர்ந்து பயன்படுத்தினார்கள். இதற்கு நேர்மாறானது யூபிசாஃப்ட் என்ற வீடியோ கேம் நிறுவனத்தின் 'தி க்ரூ' விளையாட்டு. 2014-ல் விற்ற அதை 2024 மார்ச் 31-ல் சர்வரோடு நிறுத்தினார்கள். வாங்கியவர்களின் லைசென்ஸையும் ரத்து செய்தார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் அடுத்த பாகத்துக்கு ஆஃப்லைன் வசதி தருவதாக அறிவித்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். சிடியில் விற்கும் மென்பொருள் சரக்குதான், விற்பனை வரி போடலாம் என்று டாடா கன்சல்டன்சி வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் 2004-லேயே தீர்ப்பளித்தது. கால வரம்பில்லாத லைசென்ஸோடு காப்பியைக் கொடுத்துப் பணம் வாங்கினால் அது விற்பனை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2012-ல் சொன்னது. என் பில்லிலும் வரி இருக்கிறது. வரி வாங்கும்போது சரக்கு, நான் கேட்கும்போது மட்டும் வெறும் அனுமதி என்பதை எப்படி ஒப்புக்கொள்வது?

தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் வழக்கு செல்லாது என்று சிலர் சொல்வார்கள். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்ய வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. புகாரை 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைனில் நான் பதிந்திருக்கிறேன்.

இப்போது இலவச மென்பொருள்களான ஜிம்ப் (படம் திருத்த), ஸ்க்ரைபஸ் (பக்கம் வடிவமைக்க) இரண்டையும் வைத்து ஓட்டுகிறேன். ஸ்க்ரைபஸ் 1.6-ல் யூனிகோட் தமிழ் ஒழுங்காக வருகிறது. லேப் கேட்பது ஜேபெக் என்பதால் ஜிம்ப்பே போதுமானதாக இருக்கிறது. வேகம் பழையதைப் போல இல்லை, டெம்ப்ளேட்டுகளை முதலிலிருந்து செய்யவேண்டியிருக்கிறது.

இதே மாதிரி பழைய மென்பொருளை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறவர்கள் இந்த வாரமே அந்த ஃபைல்களை லேயரோடு பிஎஸ்டியாகவோ (ஃபோட்டோஷாப் ஃபார்மேட்), முடியாவிட்டால் ஒவ்வொரு படத்தையும் தனி டிஃப் (TIFF) படமாகவோ எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள். டிஸ்க் நன்றாக இருக்கும்போதே அதை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் நகலெடுத்து முழு க்ளோன் ஒன்றும் வையுங்கள். சில மென்பொருள்கள் டிஸ்க்கின் நம்பரையும் பார்க்கும் என்பதால் க்ளோனை மட்டும் நம்ப முடியாது. எக்ஸ்போர்ட்தான் முதல் வேலை.