1942 இர்வின் ஜாக்கெட் என்று சொல்லி 900 பவுண்ட் சுருட்டிவிட்டார்கள், வாங்கப்போகிறவர்கள் படியுங்கள்

கோபம் இன்னும் அடங்கவில்லை. பழைய ராணுவப் பொருட்கள் விற்கும் ஒரு ஆன்லைன் தளத்தில், இங்கே இங்கிலாந்தில், போர்க்கால இர்வின் ஜாக்கெட் வாங்கினேன். லெஸ்லி இர்வின் உருவாக்கியது, பிரிட்டிஷ் விமானப்படைக்காரர்கள் வானத்துக் குளிருக்குப் போட்டுக்கொண்ட அந்தக் கனமான செம்மறித்தோல் ஜாக்கெட். 900 பவுண்ட். அசலுக்குக் கேட்கக்கூடிய விலைதான்.

விற்றவர் போனில் அவ்வளவு தன்மையாகப் பேசினார். மாமனாரின் அப்பா லங்காஸ்டர் விமானத்தில் பறந்தவராம், காசு பெரிதில்லையாம், பத்திரமாக வைத்துக்கொள்கிற ஆளிடம் போய்ச் சேர்ந்தால் போதுமாம். கழுத்தருகே இருந்த விமான அமைச்சக லேபிளையும் பளிச்சென்று படமெடுத்து அனுப்பினார். அந்தக் குரலையும் அந்த லேபிளையும் நம்பித்தான் பணத்தைக் கட்டினேன்.

ஜாக்கெட் வந்ததும் பார்க்கிறேன், லேபிளின் ஒரு ஓரம் தையல் விட்டிருந்தது. தூக்கினேன். எண்பது வருஷம் ஒரு துணி அழுத்திக் கிடந்தால் அடியில் ரோமம் அமுங்கிச் சடைபிடித்திருக்க வேண்டாமா? சுற்றியிருந்ததைப் போலவே புசுபுசுவென்று நிற்கிறது. அப்புறம் கைப்பக்கத்து ஜிப், அதன் தலையில் பொடி எழுத்தில் ஒய்கேகே. ஜப்பான் கம்பெனி! 1942இல் பிரிட்டன் ஜப்பானோடு போரில் இருந்தது. எங்கோ நைந்துபோன அசலில் இருந்து பிரித்த லேபிளைப் புது ஜாக்கெட்டில் தைத்து 900 பவுண்ட் வாங்கியிருக்கிறார்.

கேட்டால், ஜிப்பைப் பின்னால் யாராவது மாற்றியிருப்பார்கள் என்றார். சரி, லேபிள்? தெரிந்தவரிடம் விசாரித்துச் சொல்கிறேன் என்றார். அப்புறம் வெளியூர், அப்புறம் உடம்பு சரியில்லை. தளத்தில் புகார் கொடுக்கும் கெடு முடியும்வரை இழுத்தடித்துவிட்டு, முடிந்ததும் பதிலே இல்லை. தளத்துக்காரர்களோ எத்தனை முறை எழுதினாலும் 'விற்பனையாளரைத் தொடர்புகொள்ளுங்கள்' என்ற ஒரே வரியை அனுப்புகிறார்கள். என் 900 பவுண்ட் போயே போச்சு, அந்த ஆள் அதே மாமனார் கதையோடு இன்னொரு ஜாக்கெட்டை விற்பனைக்குப் போட்டிருக்கிறார்!

எப்படிச் சோதிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. லேபிள் படத்தை மட்டும் நம்பாதீர்கள், அதன் ஓரத்துத் தையலையும் எல்லா ஜிப் தலைகளையும் கிட்டத்தில் படமெடுத்துக் கேளுங்கள். புற ஊதா டார்ச் அடித்தால் நூல் நீலமாக ஒளிர்கிறதா, பெரும்பாலும் பிற்காலத் தையல். அமெரிக்க விமானிகள் போட்ட ஏ-2 தோல் ஜாக்கெட் என்றால், பைக்குள் பக்கவாட்டில் கைவிட வழி இருந்தால் அது போர்க்காலத்தது அல்ல. சந்தேகம் வந்த அன்றைக்கே தளத்தில் புகாரைப் பதிந்துவிடுங்கள், விற்றவரிடம் பேசுவதெல்லாம் அதற்கு அப்புறம்.