உயர்தர இரசாயனச் செய்முறை வகுப்பு: அந்தக் கொப்பிக்காகவே அனுப்பலாம்

யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட, சனிக்கிழமைகளில் நடக்கும் இந்த வகுப்புக்கு மகள் போகத் தொடங்கி ஏழு மாதம். மாதம் 2,500 ரூபா. கொடுத்த காசுக்கு மேலேயே கிடைக்கிறது என்பேன்.

முன்பு போன இடத்தில் அச்சடித்த ரியூட் ஒன்று தருவார்கள். நோக்கம், முறை, அவதானம், முடிவு எல்லாம் அதிலேயே இருக்கும். திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் கண்ணாடிக் குழாயான அளவியைத் தொடுமுன்பே பிள்ளைகளுக்கு விடை தெரியும். இங்கே ரீச்சர் நோக்கத்தை மட்டும் சொல்லுவார். மற்றதெல்லாம் செய்யச் செய்ய, பேனையால், அங்கேயே எழுத வேண்டும். டிப்பெக்ஸ் பூசக் கூடாது.

புரட்டாதியில் எங்கள் கிணற்று நீரைக் கொண்டுபோய் வன்மை, அதாவது அதில் கரைந்திருக்கும் கல்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவு, பார்த்தார்கள். சுண்ணாம்புக்கல் நிலம், கேத்தலுக்குள் படியும் வெள்ளை எல்லா வீட்டுக்கும் தெரிந்ததுதானே. 25 மில்லிலீற்றர் நீருக்கு, அந்த உப்புகளோடு பிணையும் 0.01 மோலார் ஈ.டி.ரி.ஏ. கரைசலை நிறம் நீலமாக மாறும்வரை அளவியால் விட வேண்டும். எவ்வளவு விட்டது என்று கொப்பியில் மில்லிலீற்றரில் மூன்று வாசிப்புகள்: 7.9, 7.4, 7.5. முதலாவதன் மேல் ஒற்றைக் கோடு. பக்கத்தில், "நீலமாக மாறிய பிறகும் அளவியைப் பூட்டப் பிந்திவிட்டேன்" என்று எழுதியிருந்தாள். மற்ற இரண்டின் சராசரி 7.45, கல்சியம் காபனேற்றாகக் கணக்கிட்டால் லீற்றருக்கு 298 மில்லிகிராம். கீழே ரீச்சரின் சிவப்பு மை: "நீர் எடுத்தது எப்போது? மழைக்கு முன்னா, பின்னா?" அவள் குறித்து வைக்கவில்லை. அடுத்த அறிக்கையில் திகதியும் கிணற்றின் நீர்மட்டமும் முதல் வரியிலேயே இருந்தன. மாரி கழியத் திரும்பவும் பார்க்கப் போகிறாளாம்.

நான் 90களில், பொருளாதாரத் தடைக்குள் உயர்தரம் படித்தவள். அளவியைக் கொப்பியில் கீறியிருக்கிறேன், கையில் பிடித்ததில்லை. வாசிப்பு என்ற இடத்தில் சேர் சொன்ன எண்ணைத்தான் எழுதினோம். மகள் வெட்டிய அந்த 7.9ஐக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பரீட்சைக்கும் உதவுகிறது. ஒரு நாள், pH மாறாமல் வைத்திருக்கும் தாங்கற்கரைசலை விட மறந்து, நிறம் தெளிவாக மாறாமல் போனதையும் எழுதி வைத்திருந்தாள். அது ஏன் தேவை என்று அமைப்புக் கட்டுரையில் கேட்டால் இனி அவளுக்கு மனப்பாடம் வேண்டாம்.

குறை என்றால், இருபது பிள்ளைகளுக்கு மூன்று அளவிதான். திருத்திய கொப்பி வர இரண்டு கிழமை செல்கிறது, அதற்குள் அடுத்த அறிக்கையிலும் அதே பிழை வந்துவிடும். ரீச்சரிடம் நேரே சொன்னேன். குழுவை இரண்டாகப் பிரிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

சேர்க்க நினைப்பவர்கள் 120 பக்க சி.ஆர். கொப்பியும் ஒரு போத்தல் வீட்டுக் கிணற்று நீரும் கொடுத்து விடுங்கள். போத்தலில் திகதியை எழுதி ஒட்டி விடுங்கள், ரீச்சர் கட்டாயம் கேட்பார்.