மத்தியச் சிறையின் மனு அறை: வாசல் சோதனை குறித்து ஒரு மதிப்புரை

விசாரணைக் கைதியாக உள்ளே இருக்கும் என் தம்பியைப் பார்ப்பதற்காகக் கடந்த 8 மாதங்களில் 11 முறை தமிழ்நாட்டின் மத்தியச் சிறை ஒன்றுக்குப் போய் வந்திருக்கிறேன். பலகையில் நேர்காணல் என்று எழுதியிருந்தாலும் வரிசையில் நிற்பவர்கள் அதை மனு என்றுதான் சொல்கிறார்கள். முன்பதிவு ஒழுங்காக நடக்கிறது, குடிநீர் இருக்கிறது, கழிப்பறை சுமார், இன்டர்காமில் குரல் பாதி நேரம் கரகரக்கிறது. இவற்றைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. நான் எழுத விரும்புவது கேட்டுக்கும் மனு அறைக்கும் இடையே உள்ள அந்தப் பத்தடி இடத்தில் நடக்கும் உடற்சோதனையைப் பற்றி.

முதல் முறை அம்மாவும் என்னுடன் வந்திருந்தார். வாசல் சட்டம் போன்ற இயந்திரத்தைக் கடந்ததும் அது கத்தியது. கையில் பிடிக்கும் கருவியும் அவர் மார்பருகே வந்தவுடன் கத்தியது. காரணம், தாலிக்கயிற்றில் அவர் எப்போதும் கோத்து வைத்திருக்கும் நான்கைந்து ஊக்குகள். "என்னம்மா உள்ளே வச்சிருக்கீங்க, எடுங்க" என்று பெண் காவலர் கேட்க, எங்களுக்குப் பின்னால் நின்ற இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா முந்தானையை விலக்கித் தாலியை வெளியே எடுத்து ஒவ்வோர் ஊக்காகக் கழற்றினார். அந்தக் காவலர் கடுமையாகப் பேசவில்லை. ஆனால் மூன்றடி தள்ளி ஓர் அறை இருந்தது, அதன் கதவில் சோதனை அறை என்றும் எழுதியிருந்தது. உள்ளே தண்ணீர் கேன்களை அடுக்கி வைத்திருந்தார்கள்.

சோதனையே கூடாது என்று சொல்பவள் அல்ல நான். செல்போன், சிம் கார்டு, கஞ்சா ஆகியவை சிறைக்குள் போவது உண்மை. அவற்றால் முதலில் துன்பப்படுவதும் என் தம்பியைப் போல உள்ளே இருப்பவர்கள்தான். சோதனை எப்படி நடக்க வேண்டும் என்று சட்டம் ஏற்கெனவே சொல்லியிருப்பதை வாசலில் யாரும் பின்பற்றுவதில்லை என்பதே என் குறை. வெள்ளைக்காரன் காலத்தில், 1894ஆம் ஆண்டில் எழுதப்பட்ட சிறைகள் சட்டத்தின் 41ஆம் பிரிவு, பார்வையாளர்மீது சந்தேகம் கொள்ளக் காரணம் இருந்தால் ஜெயிலர் அவரைச் சோதிக்கலாம் அல்லது சோதிக்கச் செய்யலாம் என்று அனுமதித்துவிட்டு, அந்தச் சோதனை எந்தக் கைதியின் முன்னிலையிலும், வேறொரு பார்வையாளரின் முன்னிலையிலும் நடக்கக் கூடாது என்று அதே வாக்கியத்திலேயே தடுக்கிறது. ஆளை அடக்கி ஆள வந்த அரசு எழுதிய சட்டத்தில் இருக்கும் இந்த நாகரிகம், அந்தத் தண்ணீர் கேன்களுக்குப் பின்னால் மறைந்து கிடக்கிறது.

ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2015 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட, கைதிகளை நடத்தும் முறைக்கான நெல்சன் மண்டேலா விதிகள் இன்னும் விரிவானவை. அவற்றின் 60ஆம் விதிப்படி, சோதனைக்குச் சம்மதிப்பவருக்கே அனுமதி கிடைக்கும். அந்தச் சம்மதத்தைப் பார்வையாளர் எந்த நேரத்திலும் திரும்பப் பெறலாம், அப்போது நிர்வாகம் அவரை உள்ளே விடாமல் இருக்கலாம். சோதனை அவமானப்படுத்துவதாக இருக்கக் கூடாது, குழந்தைகளிடம் உடலின் உட்பகுதிகளைச் சோதிக்கக் கூடாது என்பனவும் அதில் உள்ளன. பெண் கைதிகளுக்கென 2010இல் ஏற்கப்பட்ட பாங்காக் விதிகள், தாயுடன் சிறையில் வாழும் குழந்தைகளையும் பார்க்க வரும் குழந்தைகளையும் சோதிக்கும் ஊழியருக்குத் திறமையும் பரிவும் வேண்டும் என்கின்றன.

இந்தக் கடைசி விஷயத்தில் நான் தாராளமாகவே மதிப்பெண் தருவேன். தம்பி மகளுக்கு 4 வயது. அவளை அழைத்துப் போன அன்று பணியில் இருந்த இளம் காவலர், குழந்தையின் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து, "பாக்கெட்டுல என்ன இருக்கு, அக்காவுக்குக் காட்டு" என்றார். அவள் பாதி சப்பிய மிட்டாயை எடுத்து நீட்டினாள். அதே காவலர் அன்று அம்மாவை ஓரமாக அழைத்துச் சென்று, தம் துப்பட்டாவையே திரைபோலப் பிடித்துக்கொண்டு ஊக்குகளைக் கழற்றச் சொன்னார். அடுத்த மாதம் அவர் இல்லை. மறுபடியும் வரிசைக்கு நடுவில்தான் சோதனை. நல்ல சேவை பணிப்பட்டியலைப் பொறுத்து வருவதும் போவதுமாக இருந்தால் அதை எப்படி மதிப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

உள்ளே நடப்பதைத் தம்பி சொல்லித்தான் அறிகிறேன். வாய்தாவுக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் நான்கைந்து பேரை ஒன்றாக நிறுத்தி உடை களையச் சொல்கிறார்களாம். மண்டேலா விதிகளில் 52ஆவது, இத்தகைய சோதனை மிக அவசியமானால் மட்டுமே, மறைவிடத்தில், அதே பாலினத்தைச் சேர்ந்த பயிற்சி பெற்ற ஊழியரால் நடத்தப்பட வேண்டும் என்கிறது. 51ஆவது, ஏன் சோதித்தார்கள், யார் சோதித்தார்கள், என்ன கிடைத்தது என்பதைப் பதிவு செய்யச் சொல்கிறது. இன்னொரு நாள் அவன் அறையைச் சோதித்தவர்கள் கேஸ் கட்டை எடுத்துப் போய் 2 நாள் கழித்துத் திருப்பித் தந்திருக்கிறார்கள். வழக்கு ஆவணங்களைக் கைதி தன்னிடம் வைத்துக்கொள்ளலாம், அவற்றை நிர்வாகம் பார்க்கக் கூடாது என்று 53ஆவது விதி சொல்வதை வக்கீலிடம் காட்டினேன். அவர் மனு எழுதலாம் என்றார். அங்கே எல்லாமே மனுதான்.

போன மாதம் ஒரு பாட்டி, பொது இடத்தில் ரவிக்கையைத் தடவ விடமாட்டேன் என்று மறுத்துவிட்டார். அவரைத் திருப்பி அனுப்ப ஜெயிலருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அந்தக் காரணத்தையும் விவரத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று அதே 41ஆம் பிரிவின் அடுத்த உட்பிரிவு கட்டளையிடுகிறது. அங்கே நடந்ததோ, அவருடைய சீட்டை நான்காகக் கிழித்துத் தொட்டியில் போட்டதுதான். பதிவேடு இருக்கிறதா என்று தலைமைக் காவலரிடம் கேட்டேன். "எழுதி என்னம்மா ஆகப் போகுது, அடுத்த வாரம் வரச் சொல்லுங்க" என்றார்.

ஐந்துக்கு இரண்டரை தருகிறேன். அதில் ஒன்று முழுவதும் அந்தத் துப்பட்டாவுக்கு. முதல் முறை போகிறவர்கள் ஆதார் நகல் எடுத்துக்கொள்ளுங்கள், பிஸ்கட் பொட்டலங்களை அங்கே பிரித்துத்தான் பார்ப்பார்கள் என்பதால் உறையோடு ஒரு டப்பாவும் கொண்டு போங்கள். அம்மா இப்போதெல்லாம் மனு நாளன்று விடியற்காலையில் ஊக்குகளை எல்லாம் கழற்றிச் சாமி மாடத்துக் குங்குமக் கிண்ணத்தில் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார்.