நெல்லுக்கு உதவுற பாக்டீரியா ஜீனோம் வச்சிருக்கீங்களா? ஆன்டிஸ்மாஷ் பத்தி என் ரிவ்யூ

நெல் வேர் மண்ணுல இருந்து நல்ல பாக்டீரியா ஒண்ணு பிரிச்சாச்சு, ஜீனோம் சீக்வென்ஸும் (அதோட முழு டிஎன்ஏ வரிசை) கைக்கு வந்தாச்சு, அடுத்து என்ன பண்றதுன்னு நிக்கிற எம்எஸ்சி, பிஎச்டி பசங்களுக்காக இத எழுதுறேன். ஆன்டிஸ்மாஷ்னு ஒரு வெப் சர்வீஸ் இருக்கு, 2011ல முதல் வெர்ஷன் வந்துச்சு, டென்மார்க்லயும் நெதர்லாந்துலயும் இருக்குற ஆராய்ச்சிக் குழுக்கள் சேந்து இத வளத்துட்டு வர்றாங்க. காசு கிடையாது, லாகின் கிடையாது, ஜீனோம் ஃபைல போட்டு சப்மிட் அழுத்துனா போதும். நம்ம காலேஜ் லேப்ல பெரிய சர்வர் எல்லாம் ஏது, அதனால இது நமக்கு எவ்ளோ பெரிய உதவின்னு சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

இது என்ன செய்யுதுன்னா, பாக்டீரியா ஒரு ஆன்டிபயாடிக்கயோ இரும்பு புடிக்கிற சிடரோஃபோரயோ செய்யத் தேவையான ஜீன்கள் பெரும்பாலும் பக்கத்து பக்கத்துலயே கூட்டமா இருக்கும், அந்தக் கூட்டங்கள தேடிப் புடிச்சு இது கலர் கலரா வரைஞ்சு காட்டும், ஏற்கனவே தெரிஞ்ச கூட்டங்களோட ஒப்பிட்டும் சொல்லும்.

உங்க ஸ்ட்ரெயின (நீங்க பிரிச்ச பாக்டீரியா வகைய) போடுறதுக்கு முன்னாடி தெரிஞ்ச ஒண்ண போட்டுப் பழகுங்க. நான் எல்லாருக்கும் சொல்றது பேசில்லஸ் வெலசென்சிஸ் எஃப்இசட்பி42. என்சிபிஐங்கற பொது ஜீன் தரவுத்தளத்துல அதோட நம்பர் சிபி000560, அத மட்டும் டைப் பண்ணா போதும், ஃபைல் கூட வேணாம். 2007ல வந்த ஜீனோம் இது, 39 லட்சம் பேஸ் (டிஎன்ஏ எழுத்து) சொச்சம், அதுல 8 சதவீதத்துக்கு மேல இந்த மாதிரி பொருள் தயாரிக்கவே ஒதுக்கி வச்சிருக்கு, அவ்ளோ சின்ன உயிருக்கு இவ்ளோ பெரிய செலவு! சர்ஃபாக்டின், ஃபென்ஜிசின், டிஃபிசிடின், பேசிலைசின்னு வரிசையா வரும். இதுல டிஃபிசிடினும் பேசிலைசினும் நெல்லுல பாக்டீரியா இலைக்கருகல் வரவைக்கிற சாந்தோமோனாஸ் ஒரைசேவ கொல்லுதுன்னு 2015ல பேப்பரே வந்திருக்கு.

சர்ஃபாக்டின் இருக்குற இடத்த கண்டிப்பா கிளிக் பண்ணிப் பாருங்க. மூணு பெரிய ஜீன், முதல் ரெண்டுல மும்மூணு மாட்யூல் (ஒரு அமினோ ஆசிட்ட எடுத்துச் சேக்குற பகுதி), மூணாவதுல ஒண்ணு, ஆக ஏழு, சர்ஃபாக்டின்லயும் ஏழு அமினோ ஆசிட் தான், எந்த மாட்யூல் எந்த அமினோ ஆசிட்ட எடுக்கும்னு கணிச்சும் போடும். கிளாஸ்ல எத்தனை தடவ சொன்னாலும் புரியாத விஷயம் இந்த ஒரு படத்துல புரிஞ்சிடும், எனக்கு இந்த சர்வீஸ்ல ரொம்ப புடிச்ச இடமே இது தான்.

இப்ப கவனமா இருக்க வேண்டியது. ஷார்ட் ரீட், அதாவது சின்னச் சின்ன டிஎன்ஏ துண்டா படிச்சத, மட்டும் வச்சு அசெம்பிள் பண்ண (ஒட்டிச் சேத்த) ஜீனோம்னா இந்த ஜீன்கள் நீளமாவும் ஒரே மாதிரி துண்டுகள் திரும்பத் திரும்ப வர்றதாவும் இருக்கறதால அங்க தான் கான்டிக் (ஒட்டிக் கிடைச்ச நீளத் துண்டு) உடையும், ஒரே கிளஸ்டர் (ஜீன் கூட்டம்) ரெண்டு மூணா பிரிஞ்சு தெரியும், அத எண்ணி "எங்க ஸ்ட்ரெயின்ல இத்தனை கிளஸ்டர்"னு தீசிஸ்ல எழுதிடாதீங்க. கான்டிக் ஓரத்துல இருக்குன்னு ஆன்டிஸ்மாஷே எச்சரிக்கை போடும், பாருங்க. முடிஞ்சா நானோபோர் மாதிரி லாங் ரீட் சேத்து எடுங்க. அப்புறம் பல பேப்பர்ல பாக்குற அந்த சிமிலாரிட்டி சதவீதம், அது தெரிஞ்ச கூட்டத்துல எத்தனை ஜீனுக்கு உங்க ஜீனோம்ல ஜோடி கிடைச்சுதுங்கறது தான், சீக்வென்ஸ் அத்தனை சதவீதம் ஒத்துப்போகுதுன்னு அர்த்தம் இல்ல.

அத விட முக்கியம், அசோஸ்பைரில்லம்ங்கற தழைச்சத்து பாக்டீரியா வச்சிருக்குறவங்க இத மட்டும் நம்பி உக்காராதீங்க. ஜப்பான்ல நெல் தண்டுல இருந்து எடுத்த பி510ங்கற ஸ்ட்ரெயினோட ஜீனோம் 2010லயே வந்துடுச்சு, ஒரு குரோமோசோம், ஆறு பிளாஸ்மிட் (தனியா இருக்குற டிஎன்ஏ). ஆனா தழைச்சத்து புடிக்கிற நிஃப் ஜீன்களையோ ஆக்ஸின்ங்கற செடி வளர்ச்சி ஹார்மோன சுரக்க வைக்கிற ஐபிடிசி ஜீனையோ ஆன்டிஸ்மாஷ் தேடித் தராது, அது அதோட வேலையே இல்ல. அதுக்கு பாக்டா மாதிரி அனோட்டேஷன் டூல்ல (ஒவ்வொரு ஜீனுக்கும் பேரும் வேலையும் குறிக்கிற மென்பொருள்) போட்டு நீங்களே தேடணும், செடியோட எத்திலீன குறைக்க உதவுற ஏசிசி டிஅமினேஸும் பாஸ்பேட் கரைக்கிற ஜீனும் அதே மாதிரி தான். அதனால நோய் தடுக்குற பேசில்லஸ், சூடோமோனாஸ்க்கு நான் 5க்கு 5 குடுப்பேன், தழைச்சத்து பாக்டீரியாவுக்கு 5க்கு 2 தான்.

கிளஸ்டர் இருக்குன்னா அந்தப் பொருள் வயல்ல சுரக்குதுன்னு ஆகிடாது, பெட்ரி தட்டுல நோய்க்கிருமி பக்கத்துல வளத்துப் பாக்கணும், மாஸ் ஸ்பெக்ல (எடைய வச்சு மூலக்கூற கண்டுபுடிக்கிற கருவி) புடிக்கணும், தொட்டியில நாத்து வச்சும் பாக்கணும். ஆனா ஜீனோம் முன்னாடி போய் வழி காட்டுனதும் உண்டு, சூடோமோனாஸ் பிஎஃப்-5ல ஆர்ஃபமைடுங்கற பொருள ஜீன் கூட்டத்த பாத்த பிறகு தான் தேடிக் கண்டுபுடிச்சாங்க.

ரிசல்ட் பேஜ் நிரந்தரமா சர்வர்ல இருக்காது, வந்த உடனே மொத்தத்தையும் டவுன்லோட் பண்ணி வெர்ஷன் நம்பரோட சேவ் பண்ணுங்க, ரிவ்யூவர் அத கண்டிப்பா கேப்பாரு. நிறைய ஜீனோம் வச்சிருக்குறவங்க லினக்ஸ்ல சொந்தமா இன்ஸ்டால் பண்ணிக்கலாம், அதுவும் இலவசம் தான்.