சிக்கன் இன்வேடர்ஸ் 2: கோழிக்காலுக்கு ஆசைப்பட்டால்

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் மாறியது, விண்டோஸ் மாறியது. 2002ல் வெளிவந்த சிக்கன் இன்வேடர்ஸ் 2 என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு மட்டும் ஒவ்வொரு முறையும் எப்படியோ புதிய கம்ப்யூட்டரிலும் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. கிரேக்க நாட்டுக்காரரான கான்ஸ்டான்டினோஸ் ப்ரூஸ்காஸின் இன்டர்ஆக்‌ஷன் ஸ்டுடியோஸ் வெளியிட்டது இது. பெரிய நிறுவனமும் இல்லை, பெரிய செலவும் இல்லை. பார்த்தவுடனே அது தெரிந்துவிடும்.

கதை இவ்வளவுதான்: காலங்காலமாகத் தங்களைத் தின்றுவந்த மனிதர்களைப் பழிவாங்க விண்வெளிக் கோழிகள் படையெடுத்து வருகின்றன. புளூட்டோவில் தொடங்கிச் சூரியன் வரை நம் விண்கலத்தில் அவற்றை எதிர்த்துச் சுட்டுக்கொண்டே போக வேண்டும். மொத்தம் 11 கட்டங்கள், கட்டத்துக்கு 10 அலைகள், அதாவது அடுத்தடுத்து வரும் தாக்குதல்கள். புளூட்டோவைக் கிரகப் பட்டியலிலிருந்து 2006ல் எடுத்துவிட்டார்கள். இங்கே அதற்கு இன்னும் மரியாதை குறையவில்லை.

இதன் பலம் துப்பாக்கியில் இல்லை, கோழிக்காலில் இருக்கிறது. சுடப்பட்ட கோழி வறுத்த காலாக மாறிக் கீழே விழுகிறது. அதைப் பிடித்துத் தின்றுகொண்டே வந்தால் ஒரு ஏவுகணை கிடைக்கும். நெருக்கடி நேரத்தில் திரையையே துடைத்துவிடுகிற ஆயுதம் அது. ஆனால் கால்கள் விழுகிற இடத்தில்தான் கோழிகள் நம்மீது போடும் முட்டைகளும் விழுகின்றன. ஒரு முட்டை பட்டாலும் விண்கலம் போய்விடும். சும்மா ஓரமாக நின்று சுட்டால் பிழைக்கலாம், ஏவுகணை சேராது. நடுவில் புகுந்தால் சேரும், உயிருக்கு உத்தரவாதம் இல்லை. இந்த ஒரு கணக்கை வைத்தே விளையாட்டை நகர்த்தியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு.

இடையிடையே விழும் பரிசுப்பெட்டிகளும் அப்படித்தான். கையிலிருக்கும் ஆயுதத்தின் பெட்டியே விழுந்தால் அதன் சக்தி கூடும். வேறு ஆயுதத்தின் பெட்டியைத் தொட்டால் ஆயுதமே மாறிவிடும். எனவே சில நேரம் முட்டைக்குப் பயந்து ஓடுவதைப் போலவே பரிசுக்கும் பயந்து ஓட வேண்டியிருக்கிறது.

இனிக் குறைகள். ஓர் உயிர் போனால் ஆயுதத்தின் சக்தியும் குறைகிறது. தொடக்கக் கட்டங்களில் பரவாயில்லை. பின்பகுதியில் வலுவான ஆயுதம் இருக்கும்போதே திணறுகிறோம். அதை இழந்த பிறகு அடுத்த உயிரும் அதற்கடுத்த உயிரும் வரிசையாகப் போய்விடுகின்றன. நன்றாக ஆடுபவனுக்கு மேலும் சலுகை, தடுமாறுபவனுக்கு மேலும் அடி. காசு போட்டு ஆடும் பழைய ஆர்கேட் இயந்திர விளையாட்டுகளின் மரபு இது என்பார்கள். மரபு என்பதாலேயே ஒன்று நியாயமாகிவிடாது.

இன்னொன்று, நடுப்பகுதியின் தொய்வு. 110 அலைகளுக்கு வேண்டிய அளவு புதிய யோசனைகள் இதில் இல்லை. முன்பு பார்த்த அணிவகுப்பே கொஞ்சம் வேகம் கூடித் திரும்ப வருகிறது. விண்கற்கள் பொழிகிற அலைகள் எனக்கு எப்போதும் அலுப்பு. கோழியைச் சுடத்தானே வந்தோம், கல்லை உடைப்பதற்கா? சுடுவதிலும் யோசிக்க ஒன்றுமில்லை. 2006ல் வந்த மூன்றாம் பாகத்தில் விடாமல் சுட்டால் துப்பாக்கி சூடேறி நின்றுவிடும் என்று வைத்தார்கள். எப்போது விரலை எடுப்பது என்பதும் அங்கே ஆட்டத்தில் சேர்ந்துகொண்டது. அந்தப் பாகத்தை விளையாடிவிட்டு இதற்குத் திரும்பினால் இந்தக் குறை உறுத்துகிறது.

ஒலிக்கு மட்டும் தாராளமாக மதிப்பெண் போடலாம். அடிபட்ட கோழியின் கூச்சலுக்கே குழந்தைகள் சிரிக்கிறார்கள். ஒரே கம்ப்யூட்டரில் இருவர் சேர்ந்து ஆடலாம் என்பதால் என் மகளும் அவள் சித்தப்பாவும் விடுமுறை நாட்களில் உட்கார்ந்துவிடுவார்கள். எதிரி கோழிதான் என்றாலும் சண்டை முழுவதும் அவர்களுக்குள்தான். விழுகிற கோழிக்காலை யார் எடுப்பது என்று.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று: மவுஸ் இல்லாத மடிக்கணினியில் இதைத் தொடவே வேண்டாம். தொடுபலகையில் விரலைத் தேய்த்து முட்டைக்குத் தப்புவது நடக்காத காரியம். பழைய சதுரத் திரைக்காகச் செய்த படங்கள் என்பதால் அகலத் திரையில் கோழிகள் சற்றுக் கொழுத்தும் தெரியலாம்.